கூலிக் கணக்கும் காலக் கணக்கும்

தை பிறந்துவிட்டால் பாபநாசம் வட்டத்து வயல்களில் அறுப்பு மிஷின்கள் இறங்கிவிடும். பல வண்டிகளின் பதிவெண் சேலம், ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்தைக் காட்டும். ஓட்டுநரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். வயலுக்கு வயல் வண்டியைக் கூட்டிப்போகவும் வாடகையை வாங்கிக் கொடுக்கவும் உள்ளூரில் ஒரு தரகர் இருப்பார். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகத்துக்கு ஆறேழு மணி நேரம்தான் இந்த வண்டி தேவை. அதற்காக இருபது லட்சத்துக்கு மேல் கொட்டிச் சொந்தமாக வாங்க யாரும் நினைப்பதில்லை. அறுப்பு முடிந்ததும் வண்டி அடுத்த வயலுக்குப் போகும், விவசாயி நெல்லைப் பார்த்துக்கொண்டு களத்துக்குப் போவார்.

டெல்டா விவசாயி இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொரு வேலையாக வெளியே கொடுத்துவிட்டார். ஏர் மாடு போய் வாடகை டிராக்டர் வந்தது. அறுவாள் போய் மிஷின் வந்தது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டவும் தனி மிஷின், தனி ஆள். சில ஊர்களில் நாற்று வளர்த்து நட்டுத் தருவதுவரை ஒப்பந்தம்தான். தண்ணீர் பாய்ச்சுவது, பயிரின் முகம் பார்ப்பது, எப்போது உரம், எப்போது மருந்து, எப்போது அறுப்பு என்று முடிவெடுப்பது ஆகியவை மட்டும் அவர் கையில் மிச்சம். எந்த மேலாண்மைப் பள்ளியிலும் படிக்காமல் அவர் போட்டுக்கொண்ட வேலைப் பிரிவினை இது. பெரும்பாலும் சரியாகவே போட்டிருக்கிறார்.

மழை வரும் வாரத்தில்தான் அதன் விலை தெரியும். கதிர் முற்றி நிற்கும்போது இரண்டு நாள் மழை பெய்தால் வயல் சேறாகும். டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதுவும் எல்லோருக்கும் அதே நாளில் வேண்டும். மாவட்ட நிர்வாகம் முத்தரப்புக் கூட்டம் போட்டு மணிக்கு இவ்வளவு என்று வாடகை நிர்ணயிக்கும். வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகைக்குத் தன் வண்டிகளைத் தரும். ஆனால், கூட்டத்தில் பேசிய வாடகை ஒன்றாகவும் வரப்பில் கேட்கும் வாடகை வேறாகவும் இருக்கும் என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதாரண நாளில் மலிவாக இருந்த ஏற்பாடு அவசர நாளில் விலை கேட்கிறது. அவசர நாளின் விலையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகும் மிஷினை வாடகைக்கு எடுப்பதே லாபம் என்றால் எடுக்கலாம். அறுப்பு விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறது. எல்லாத் தொழிலிலும் அப்படியே இருக்கும் என்று நம்புவதுதான் தவறு.

பாபநாசம், அய்யம்பேட்டை, கபிஸ்தலம் கடைவீதிகளில் தொழில் நடத்துபவர்கள் இப்போது அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை. கணக்கு எழுத, பொட்டலம் போட, சரக்குக் கொண்டுபோக, இணையத்தில் விளம்பரம் செய்ய என்று எதற்கும் வெளியே ஓர் ஆள் தயாராக இருக்கிறார். "நீங்க ஏன் சார் சிரமப்படுறீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று வந்து நிற்கிறார். கொடுப்பதா, வேண்டாமா? பெரும்பாலான கடைக்காரர்கள் கூலியை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். வருஷத்தின் மிக மோசமான பத்து நாளில் அந்த வேலை எப்படி நடக்கும், திரும்பி வரும் வேலை நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரிந்த ஆள் தன் கடையில் இருக்கிறாரா என்ற இரண்டையும் பார்க்காமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

முதலில் எளிதானதைப் பேசி முடித்துவிடலாம். கணக்கு, வரி தாக்கல் எல்லாம் வெளியே போக வேண்டியவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் ஜி.எஸ்.டி. கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும் என்ற வசதி 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைப்பது வீண். ஆனால் தாக்கல் செய்பவர் யாராக இருந்தாலும் அபராதமும் நோட்டீஸும் கடைக்காரர் பேருக்குத்தான் வரும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை வாசித்துச் சொல்வதோடு தன் கடமை முடிந்தது என்று இருப்பவர், தாக்கலை மட்டுமா வெளியே கொடுத்தார்? தன் கடை லாபத்தில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளும் வேலையையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து வரவு, செலவு, பாக்கி மூன்றையும் கேட்டு வாங்கினால் போதும். இதில் இதற்கு மேல் சூட்சுமம் இல்லை.

அரிசி அப்படி எளிதானதல்ல. இந்த வட்டாரத்தின் தொழில் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சொந்த மில் இல்லாத மண்டிக்காரர் விவசாயியிடம் நெல் வாங்கி, மில்லில் கூலி அரவைக்குக் கொடுத்து, அரிசியாக வாங்கித் தன் பெயரில் சிப்பம் போட்டு விற்பது பழைய வழக்கம். அவியல், காய்ச்சல், அரவை, கல் நீக்கல், நிறம் பிரிக்கும் சார்டெக்ஸ் என்று இன்றைய மில்லுக்கு ஆகும் முதலீட்டைப் பார்த்தால் சின்ன மண்டிக்காரர் சொந்த மில் வைக்காததில் வியப்பில்லை. ஆகவே கூலி அரவை என்பது சரியான முடிவுதான். எந்த மில், என்ன பேச்சு, யார் கண்காணிப்பு என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

அரசே இந்த வேலையை எப்படி வெளியே கொடுக்கிறது என்று பார்த்தால் கணக்குத் தெளிவாகும். 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல்லைத் தன் சொந்த மில்களில் அரைப்பதோடு தனியார் அரவை முகவர்களுக்கும் கொடுக்கிறது. நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ அரிசி, பச்சரிசி என்றால் 67 கிலோ திரும்பி வர வேண்டும் என்பது விதி. இதற்கு மத்திய அரசு பல ஆண்டுகளாக நிர்ணயித்து வந்த அரவைக் கூலி, குவிண்டாலுக்குப் புழுங்கலுக்கு 20 ரூபாய், பச்சரிசிக்கு 10 ரூபாய். நூறு கிலோ நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்துத் தர இருபது ரூபாயா? டீக்கடையில் இரண்டு டீக்குக்கூட அது சரியாக வராது.

கூலியின் மீதிப் பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி, ஐந்து முதல் எட்டு கிலோ தவிடு, கொஞ்சம் குருணை. தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகும். உமி கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் போகும். குருணை தீவனத்துக்கும் மாவு மில்லுக்கும் போகும். இவையெல்லாம் மில்காரருக்கு. காசாகக் கொடுக்காத கூலி தவிடாகப் போகிறது. இந்த உபபொருள்களின் விலை ஏறிய பிறகும் அரவைக் கட்டணத்தைத் திரும்பக் கணக்கிடாததால் மில்களுக்குப் பெரும் ஆதாயம் போய்ச் சேர்ந்தது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-ல் பல மாநிலங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். நாடு முழுக்கக் கணக்குப் பார்க்கும் அரசாங்கமே கோட்டைவிட்ட இடம் என்றால், மண்டிக்காரர் கொஞ்சம் உஷாராக இருப்பதில் தப்பில்லை.

அவருக்கான கணக்கு சின்னதுதான். பத்து டன் நெல் அரவைக்குப் போகிறது. ஒரு மில் இன்னொன்றைவிடக் கிலோவுக்கு இருபது பைசா குறைவாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டாயிரம் ரூபாய். அதே மில்லில் அரிசி 68 கிலோவுக்குப் பதில் 66 கிலோவாக வந்தால் பத்து டன்னுக்கு இருநூறு கிலோ குறையும். கிலோ ஐம்பது ரூபாய் என்றாலும் பத்தாயிரம் ரூபாய் போச்சு. இரண்டாயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் பத்தாயிரம் போனது தெரியாமலே போகும், அரிசியை நிறுத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால்.

நிறுத்துப் பார்ப்பதாவது தராசு செய்யும் வேலை. தரம் பார்ப்பது அப்படியல்ல. மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதி, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார் பழைய மண்டிக்காரர். டக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. பல்லில் நசுங்கினால் ஈரம். கொள்முதல் நிலையத்தில் மீட்டர் காட்டும் 17 சதவீத வரம்பை அவர் பல்லாலேயே ஏறக்குறையச் சொல்லிவிடுவார். வெந்த சோற்றைப் பார்த்து இது ஆறு மாதம் இருப்பு வைத்த பழைய நெல்லா, போன மாதம் அறுத்ததா என்பார். அரவைக்கு அனுப்பியது பி.பி.டி. 5204, வந்திருப்பதில் வேறு ரகம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அந்தக் கண்தான்.

இந்தக் கண் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போதைய ஆபத்து. நெல் வாங்குவது தரகர், அரைப்பது மில், சிப்பம் போடுவதும் மில், கொண்டுபோவது வாடகை வண்டி என்று எல்லாம் வெளியே போன பிறகு மண்டியில் மிஞ்சுவது பில் புத்தகமும் பெயர்ப் பலகையும்தான். அப்போது மில்காரரே தன் பெயரில் சிப்பம் போட்டு அதே கடைகளுக்குக் கொடுத்தால் மண்டிக்காரர் எந்த வகையில் தேவைப்படுவார்? இதில் சிப்பத்தின் எடை ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்ததும் தமிழ்நாட்டில் 26 கிலோ சிப்பம் முளைத்தது. எத்தனை கிலோவில் சிப்பம், எந்தப் பெயரில், எந்த விலையில் என்பதெல்லாம் கடையின் முதலாளி எடுக்க வேண்டிய முடிவுகள். பொட்டலம் போடுகிறவரே அதையும் முடிவு செய்கிறார் என்றால், தொழில் கை மாறிவிட்டது, முதலாளிக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. வேண்டியதெல்லாம் சந்தையிலேயே கிடைக்கும்போது ஒரு முதலாளி எதற்காகச் சம்பளத்துக்கு ஆள் வைத்து நிறுவனம் நடத்துகிறார் என்று ரொனால்ட் கோஸ் 1937-ல் ஒரு கட்டுரையில் கேட்டார். சந்தையில் வாங்குவதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்பது அவர் கண்ட பதில். ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் போடுவது, வேலையைச் சரிபார்ப்பது, தகராறு வந்தால் தீர்ப்பது எல்லாம் சேர்ந்தால், சில வேலைகளை உள்ளேயே செய்வது மலிவு. 1991-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது குறிப்பிடப்பட்ட பங்களிப்புகளில் இதுவும் ஒன்று. மில்லில் போய் நின்று எடை பார்க்கும் மண்டிக்காரரின் நேரமும் பெட்ரோலும் கோஸ் சொன்ன செலவில் சேர்ந்தவைதான்.

கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத், கேரி ஹாமெலுடன் சேர்ந்து 1990-ல் எழுதிய கட்டுரையும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். நிறுவனத்தின் மையத் திறன் எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள், மற்றதைத் தள்ளிவிடு என்று அவர்கள் சொன்னதாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். வெளியிலிருந்து வாங்கினால் பொருள் சீக்கிரம் சந்தைக்கு வரலாம், ஆனால் நாளைய பொருளைச் செய்யும் திறமை நம் ஆட்களிடம் வளராது என்று அதே கட்டுரையில் அவர்கள் எச்சரித்ததைச் சொல்வதில்லை.

சுவாமிமலைக்குப் போனால் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாபநாசத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். பஞ்சலோகப் படிமத்துக்கு மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சுவது, காவிரி வண்டல் மண்ணை அரைத்துப் பூசிக் கருக்கட்டுவது, உலை மூட்டுவது, உருக்கி ஊற்றுவது, அரம் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது என வேலைகள் பல. பட்டறைக்குப் பட்டறை இவற்றில் சிலவற்றைக் கூலிக்கு ஆள் வைத்தோ வெளியில் கொடுத்தோ முடிப்பார்கள். தென்னங்கீற்றை மடித்துத் தாள அளவு எடுப்பதையும் முகத்துக்கு உளி வைப்பதையும் ஸ்தபதி வெளியே கொடுப்பதில்லை. வழிபாட்டுக்குப் போகும் படிமத்துக்குக் கண் திறப்பவரும் அவர்தான். உலையில் நிற்பது உடம்புக்குக் கடினமான வேலை. அளவு எடுப்பதோ உட்கார்ந்த இடத்தில் நடக்கும். எது கடினம் என்று பார்த்து அவர் பிரிக்கவில்லை. எதற்காகத் தன் பட்டறையைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்.

பாபநாசத்திலேயே இதைவிடப் பழைய சான்று ஒன்று நிற்கிறது. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்தில் கட்டிய செங்கல் நெற்களஞ்சியம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டெல்டாக் கோயில்கள் தங்கள் நிலத்தில் தாங்களே ஏர் பூட்டியதில்லை. உழவைக் குத்தகைக்கு விட்டன. சேமிப்பை மட்டும் மதிலுக்குள் வைத்துக்கொண்டன. நெல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எப்போது செலவழிப்பது என்று முடிவு செய்ய முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2025 குறுவையில் கொள்முதல் நிலையங்களில் நெல் திறந்தவெளியில் நனைந்து முளைத்த செய்திகளைப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வேலையை வெளியே கொடுத்தாலும் ஆபத்து கொடுத்தவரிடமே நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பெரிய பாடம் திருப்பூர். பின்னல், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒரு பனியனை ஏழெட்டு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குள் சுற்றவிட்டு ஏற்றுமதி செய்து வளர்ந்த ஊர் அது. நொய்யலில் கழிவுநீர் விடுவதை நிறுத்தாததால் 2011 ஜனவரி இறுதியில் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சொந்தமாகச் சாயப்பட்டறை இல்லாத ஏற்றுமதியாளரும் ஒரே நாளில் முடங்கினார். மாற்றுப் பட்டறைகள் பத்து இருந்தும் பயனில்லை, பத்தும் ஒரே ஆற்றங்கரையில் ஒரே தடைக்கு உட்பட்டு இருந்தன. துணியை வெளி மாநிலங்களுக்கு லாரி ஏற்றிச் சாயம் போட்டு வாங்கினார்கள், கூடுதல் செலவில். வெளிநாட்டு வாடிக்கையாளர் தாமதத்துக்கு ஏற்றுமதியாளரைத்தான் கேட்டார், சாயப்பட்டறைக்காரரை அல்ல. தவறு செய்யாதவரும் தண்டனையில் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் பாடம் படித்தவைதான். ஏர்டெல் 2004-ல் தன் நெட்வொர்க்கை எரிக்சன் உள்ளிட்ட நிறுவனங்களிடமும் கணினி வேலையை ஐ.பி.எம்.மிடமும் ஒப்படைத்தபோது பலர் சிரித்தார்கள். டவரைப் பராமரிப்பதை விட்டுவிட்டு வாடிக்கையாளர், விலை, பெயர் மூன்றையும் ஏர்டெல் தன்னிடமே வைத்துக்கொண்டது, அது வென்றது. போயிங் தன் 787 விமானத்தின் இறக்கையை ஜப்பானிலும் உடற்பகுதிகளை இத்தாலி, ஜப்பான், தெற்குக் கரோலினா என்று பல இடங்களிலும் செய்யக் கொடுத்தது. 2008-ல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2011-ல்தான் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒப்பந்தக்காரரின் ஆலையையே 2009-ல் விலைக்கு வாங்க வேண்டி வந்தது. விமானம் எங்கே, பாபநாசம் கடைவீதி எங்கே என்று கேட்கலாம். துண்டு துண்டாக வந்ததைச் சேர்க்கும்போதுதான் குறை தெரிகிறது, அப்போது திருத்த நேரமில்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கூலிக் கணக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை முழுதாகப் போட வேண்டும். மண்டிக்காரர் சரக்கு வண்டி விஷயத்தையே ஓர் உதாரணக் கணக்காகப் பார்க்கலாம். சொந்தமாக ஒரு டாடா ஏஸ் என்றால் மாதத் தவணை 12,000, ஓட்டுநர் சம்பளம் 15,000, இன்சூரன்ஸ், எஃப்.சி., பழுது எல்லாம் மாதத்துக்குப் பிரித்தால் 3,000. ஆக வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 30,000. நடைக்கு டீசல் 250 ரூபாய். வாடகை வண்டி நடைக்கு 750 கேட்கிறது என்றால், சொந்த வண்டியில் ஒவ்வொரு நடைக்கும் 500 மிச்சம். மாதம் அறுபது நடைக்கு மேல் போனால் சொந்த வண்டி, கீழே என்றால் வாடகை. ஐப்பசியிலும் மார்கழியிலும் மட்டும் எண்பது நடை, மற்ற மாதங்களில் முப்பது நாற்பது என்றால் வண்டி வாங்குவது தவணைக்காரருக்குச் சம்பாதித்துக் கொடுப்பதாகும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. சொந்த ஓட்டுநர் மூட்டையை இறக்குவதோடு பழைய பாக்கியை வசூல் செய்கிறார். எந்தக் கடையில் சரக்குத் தீர்கிறது, எந்தக் கடையில் புதிதாக வேறு மண்டியின் சிப்பம் அடுக்கியிருக்கிறது என்று பார்த்துவந்து சொல்கிறார். மளிகைக்கடைக்காரர் "அண்ணே, போன மூட்டையில கருப்பு அதிகம்" என்று சொல்லும் குறையை முதலாளி காதுக்குக் கொண்டுவருகிறார். இதற்கெல்லாம் தனிச் சம்பளம் இல்லாததால் இவை கணக்கில் வருவதில்லை. வாடகை வண்டிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பேசியது அதற்குத்தான். வண்டியை வாடகைக்கு எடுத்தால் வாரம் ஒருமுறை கடை கடையாகப் போய்வர முதலாளியோ மகனோ தயாராக வேண்டும். அந்த நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்தால் அறுபது நடை என்ற எண் நாற்பதாக இறங்கலாம்.

வெளியே கொடுப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, வாங்கிச் செய்பவரின் பக்கம். 1955-ல் தொடங்கிய திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பட்டு நூல், ஜரிகை, டிசைன், விற்பனை ஆகியவற்றைத் தான் பார்த்துக்கொண்டு நெசவை நெசவாளர் வீட்டுத் தறியில் விடுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திருபுவனம் சேலை இப்படித்தான் உருவாகிறது. தனியார் முதலாளிகளிடமும் பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் முறைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறினால் தறி நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. வேலையோடு சேர்த்து மழையையும் நெசவாளரிடம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலாவது லாபத்தில் போனஸ் என்று ஒரு பங்கு திரும்பி வர வழியுண்டு. மலிவாக முடிகிறது என்று தோன்றும் பல ஏற்பாடுகளில் அந்த மலிவு இப்படி யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வருகிறது. அது நெடுநாள் ஓடாது. அடுத்த தலைமுறை தறியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் கூலி ஏற்றிக் கொடுத்தாலும் நெய்ய ஆள் இருக்காது.

சொந்தமாக வாங்கவும் முடியாது, வெளியாரை நம்பியும் இருக்க முடியாது என்ற நிலையில் மூன்றாவது வழி ஒன்றுண்டு: பத்துப் பேர் சேர்ந்து வாங்குவது. நெல் காயவைக்கும் டிரையர் இதற்கு நல்ல உதாரணம். தனி மண்டிக்காரருக்கு அது பெரிய செலவு. மழை வாரத்தில் அது இல்லாமல் தவிப்பது எல்லோரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அரசு மானியத்தில் வாடகை மையம் அமைத்து மிஷின்களை வைத்திருக்கின்றன. சிறு தொழில்கள் குழுவாகச் சேர்ந்து பொது வசதி மையம் அமைக்கவும் அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். தடையாக இருப்பது பெரும்பாலும் பணம் அல்ல. பக்கத்துக் கடைக்காரர் தன் கணக்கைத் தெரிந்துகொள்வாரோ என்ற பயமும், மழை நாளில் யார் நெல் முதலில் என்ற சண்டையும்தான். வரிசை முறையை வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

கடைசியாக, கூலி கொடுக்கும் விஷயம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனமோ சேவை நிறுவனமோ செய்து கொடுத்த வேலைக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. காலத்தில் கொடுக்காமல் நிதியாண்டு முடிந்த பிறகும் பாக்கி நிற்கும் தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வந்து, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை தெரியாமலே பல கடைகளில் "அடுத்த வாரம் பாக்கலாம்பா" என்று மாதக்கணக்கில் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளியவரின் நெல்தான் மில்லில் நெருக்கடி வாரத்தில் கடைசியாக இறங்கும். அவருடைய ஆர்டர்தான் பிரஸ்ஸிலும் தையல் கடையிலும் தீபாவளிக்கு மறுநாள் தயாராகும். அடுத்த ஆளைத் தேடுவதற்கு முன், இருக்கிற ஆளின் பாக்கியை ஆவணி முடிவதற்குள் தீர்த்துவிடுங்கள்.